மருந்துக்கடைக்கு எதிரே ஸ்டுடியோ

3 ஜூன் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அப்பா கையில்தான் முதலில் கிடைக்கும். போன் செய்யலாம் என்றால் அதுவும் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தவிர, நாம் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. பேசினாலும் ஹலோவுக்கு அடுத்த வார்த்தையில் சண்டை வந்துவிடும். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படு.

உன் மருமகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க எங்கள் மூன்று பேருடைய போட்டோவும் கேட்டார்கள். நான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒரு பழைய ஸ்டுடியோ இருக்கிறது. எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. அன்றைக்குப் போனேன். ஒரு வயதானவர், காதில் கருவி மாட்டியிருந்தார். குழந்தையை எடுத்து முடித்து என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். விளக்கைப் போட்டார். கேமராவுக்குப் பின்னால் குனிந்தவர் குனிந்தபடியே சொன்னார்: "தாடையைக் கொஞ்சம் இறக்கும்மா. உங்கம்மாவும் இப்படித்தான் தூக்கிக்கிட்டு உக்காருவாங்க."

"எந்த அம்மாவைச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

"மருந்துக்கடைக்கார வீட்டம்மா. நீ அந்தச் சின்னப் பொண்ணுதான? எங்க ஸ்டுடியோ வாசல்ல வந்து கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நிப்பியே."

அண்ணா, அவர்தான். நம் கடைக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த போட்டோக்காரர். அம்மா யாரோடு போனாள் என்று ஊரே சொன்னதோ, அந்த ஆள். நான் கேட்க வேண்டியதை என் வாய் தானாகக் கேட்டது: "எங்கம்மா எங்க?" அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அதை என்கிட்ட கேக்குறியேம்மா. உங்க வீட்டுக்குத் திரும்பி வரலையா அவங்க?" என்றார்.

போட்டோ எடுக்காமலே வந்துவிட்டேன். அவர் பொய் சொல்லலாம். ஆனால் அந்த முகத்தில் பொய் இல்லை என்றுதான் தோன்றுகிறது.

நீ மூத்தவன். அந்த நாளில் தெருவில் எந்தக் கடை திறந்திருந்தது, யார் பார்த்தார்கள், நினைவுபடுத்திச் சொல். அப்பாவிடம் மட்டும் காட்டாதே.

உன் தங்கை


14 ஜூன் 1998

தங்கச்சிக்கு,

கடை விலாசத்துக்கு அனுப்பினால் அப்பாவுக்குத் தெரியாது என்று யார் சொன்னது? உன் கடிதம் வந்தபோது அவர் என் கடையில், பக்கத்து ஸ்டூலில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னடா அது?" என்றார். மோட்டார் கம்பெனி விளம்பரம் என்றேன். உன்னால் காலையிலேயே ஒரு பொய்.

எனக்குச் சில கேள்விகள் இருக்கின்றன. இரண்டு வருஷமாக எங்கே போனாய்? அண்ணிக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது அப்பா வீட்டை என் பேருக்கு மாற்றுவது பற்றிப் பேச ஆரம்பித்ததும் உனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. இந்தச் செய்தி உனக்கு யார் மூலமாக வந்தது என்று நான் கேட்கப்போவதில்லை.

அந்த ஆள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்தவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனவன் இத்தனை வருஷம் கழித்து, ஆமாம் நான்தான் என்று உன்னிடம் ஒப்புக்கொள்வானா? கைவிட்டிருப்பான், அல்லது பக்கத்து அறையில்தான் வைத்திருப்பான். நீ உள்ளே போய்ப் பார்த்தாயா?

உனக்கு அப்போது ஆறு வயது. ஆறு வயதுக்குக் கடைத்தெரு என்றால் மிட்டாய் பாட்டில்தான். எனக்குப் பன்னிரண்டு. தும்மல் கடை உனக்கு ஞாபகம் இருக்கும், மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் தும்முவாரே, அவரை நீ காட்டிக் காட்டிச் சிரிப்பாய். அந்தக் கடையில் நான் பிஸ்கட் வாங்கப் போனால், "உங்கம்மா புதுசா போட்டோ ஏதும் அனுப்பினாளாடா?" என்று கேட்டுவிட்டு நின்றிருப்பவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எல்லோரும் சிரித்து முடிக்கிற வரைக்கும் பிஸ்கட் கைக்கு வராது. சைக்கிள் கடையில் வாடகைக்கு சைக்கிள் கேட்டால், "நீயும் திரும்பி வர மாட்டியே" என்பார்கள். நான் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதே வேலைக்குச் சேர்ந்த பிறகு.

இப்போது அதே தெருவில் மோட்டார் காயில் கட்டிப் பிழைக்கிறேன். அதே ஆட்கள், இல்லாவிட்டால் அவர்கள் பிள்ளைகள், என் வாடிக்கை. அவர்களிடம் போய் எங்கம்மா போனதை யார் பார்த்தீர்கள் என்று நான் கேட்க வேண்டுமா? ஆறின புண்ணைச் சொறியச் சொல்கிறாய்.

இதோடு விடு.

அண்ணன்


22 ஜூன் 1998

அண்ணா,

வீட்டை நீயே வைத்துக்கொள். எந்தக் காகிதத்தில் கையெழுத்து வேண்டுமோ அனுப்பு, போட்டுத் தருகிறேன். அண்ணி ஆபரேஷன் விஷயம் எனக்கு எப்படித் தெரியும், நீ சொன்னாயா? நான் உன் வீட்டுக் கூடத்தில், "அம்மா நமக்கு நல்லாத்தான் தலை வாரிவிடுவா" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். நீ, "கெளம்பு" என்றாய். குழந்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நானாக எப்படி வருவேன்?

சரி, அதை விடு. மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனேன். நீ கேட்ட மாதிரி உள்ளே போயும் பார்த்தேன். சிரிக்காதே. கை கழுவ வேண்டும் என்று சொல்லிப் பின்பக்கம் போனேன். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், கொடியில் இரண்டு சட்டை. பெண் வாசனையே இல்லாத அறை. வெளியே வந்ததும், "தேடியாச்சா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மா அவர் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டது உண்மை. வேலைக்கு மனுப் போடுவதற்கான சின்ன போட்டோ. ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் உதவிக்குப் பெண்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நம் கடைக்கு மருந்து கொண்டுவருகிறவர் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா கடையில் காயத்துக்குக் கட்டுப் போடுவதும் மருந்தைப் பொட்டலம் கட்டுவதும் அம்மாதானே. அப்பாவிடம் கேட்டிருக்கிறாள், அவர் கூடாது என்றிருக்கிறார். அதனால் மதியம் அவர் தூங்கும் நேரத்தில் தெருவைக் கடந்து போய் எடுத்துக்கொண்டாள். மிச்சப் பிரதியை அப்பா அவள் பையில் பார்த்துவிட்டார்.

"யாருக்குக் குடுக்க எடுத்தேன்னு கேட்டு அடிச்சாராம். யாராவது ஆசைக்காரனுக்கு நேரா முறைச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக் குடுப்பாங்களாம்மா?" என்றார் அவர்.

அவரை நான் சும்மா விடவில்லை. ஒன்றுமில்லை என்றால் நீங்கள் ஏன் ஊரைவிட்டு ஓடினீர்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் கோபப்பட்டார். "ஓடலம்மா. உங்கம்மா போய் ஒரு வாரம் அந்த ஊர்லதான் இருந்தேன். அப்புறம் உங்க அப்பாவோட ஆளுங்க வந்து கேமராவைத் தூக்கித் தெருவுல போட்டாங்க. காதுல அடிச்சாங்க. அன்னிக்குப் போன காதுதான் இது."

ஒரு வாரம் ஊரில் இருந்தார் என்கிறார். அதே நாளில் இரண்டு பேரும் காணாமல் போனார்கள் என்றுதானே நமக்குச் சொன்னார்கள்? இதில் ஒருவர் பொய் சொல்கிறார். அது யார் என்று உனக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. தெரிந்துகொண்டே எழுதாமல் இருக்கிறாயா?

தங்கை


9 ஜூலை 1998

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டாகக் கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தேன். போடவில்லை. எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்து மறைக்கவும் இல்லை. இதை நீ நம்பினால் நம்பு.

ஆனால் ஒன்று. கடையில் என் தலைக்கு மேலே என் ஆறாம் வகுப்பு குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கு, இதில் நான் எங்கே கண்டுபிடி என்று விளையாட்டுக் காட்டுவேன். அதில் எனக்குக் கண் இரண்டும் வீங்கியிருக்கும். அம்மா போன பிறகு எடுத்தது. அழுதுவிட்டுப் போய் நின்றேன், பக்கத்துப் பையன் என்னைச் சீண்டினான், எல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகு அதை அண்ணாந்து பார்த்தேன். அதை எடுத்தது யார்? நம் ஊரில் கேமரா வைத்திருந்தது ஒரே ஆள். கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அந்தக் கடைசித் தம்பி, கண்ணைத் தொடச்சிக்க" என்று என்னைத்தான் சொன்னார். இத்தனை வருஷம் என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குப் புத்தி போகவில்லை.

அன்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு மாவு மில்லுக்குப் போனேன். மில்காரர் இன்னும் இருக்கிறார். பெல்ட் மோட்டார் எல்லாம் நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். நம் காலத்தில் பஸ் மில் முக்கில்தானே நிற்கும். மோட்டார் சத்தம் கேட்கிறேன் என்கிற சாக்கில் உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தினார். புருவத்து மாவைத் துடைத்தார்.

"உங்கம்மா முதல் பஸ்ஸுக்கு வந்தாங்க. தனியாத்தான் வந்தாங்க. பையை நான்தான் மேல ஏத்தி விட்டேன். உதட்டுல காயம் இருந்துச்சு. புள்ளைங்களைப் பாத்துக்கங்கன்னாங்க."

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?" என்றேன்.

"ஏன் சொல்லல? அன்னிக்கே உங்கப்பா வந்து கேட்டாரு, சொன்னேன். அந்த போட்டோக்காரன் ஸ்டுடியோ வாசலைப் பெருக்கிக்கிட்டு நிக்கிறான் பாருங்கன்னுகூட சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போனாரு. சாயங்காலம் ஊரே வேற மாதிரி பேசுது, அவங்களை முன்னாடி அனுப்பிட்டு இவன் பின்னால போகப்போறான்னு. மருந்துக்கடைக்காரரே வாயைத் திறக்கல, நான் யாரு திறக்க?"

தங்கச்சி, எனக்கு மில்காரர் மேல் கோபம் வரவில்லை. இன்று காலையும் அப்பா என் கடையில் வந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தலைவலியா உனக்கு, ஒரு மாத்திரை போடு" என்றார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணன்


16 ஜூலை 1998

அண்ணா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரியில் மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், காதில் விழவில்லை.

உன் மேல் சந்தேகப்பட்டதற்கு மன்னித்துவிடு. இப்போது வேறு பயம் பிடித்திருக்கிறது. பஸ் புறப்பட்டதை மில்காரர் கண்ணால் பார்த்தாரா? அப்பா அன்றைக்கு எங்கெல்லாம் போனார்? உதட்டில் காயம் என்கிறாய். இதை எழுதும்போதே என் கை என்னைத் திட்டுகிறது, என்ன இருந்தாலும் நம் அப்பா. ஆனால் இத்தனை வருஷமாக அவர் சொன்னதை வைத்து அம்மாவைச் சந்தேகப்பட்டோமே. அவரை ஒரு மாசம் சந்தேகப்பட்டால் என்ன?

ஆஸ்பத்திரி எந்த ஊர் என்று போட்டோக்காரரிடம் கேட்டு, தனியாக ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த ஆஸ்பத்திரி இன்னும் இருக்கிறதாம்.

அப்பாவிடம் கேட்பதாக இருந்தால் கத்தாதே. அவருக்கு ரத்த அழுத்தம்.

தங்கை


26 ஜூலை 1998

தங்கச்சிக்கு,

பஸ் போனதை மில்காரர் பார்த்தார். திரும்பிப் போய்க் கேட்டுவிட்டேன். அந்த பயத்தை விடு.

அப்பாவிடமும் கேட்டேன். வழக்கம்போல் பதினொரு மணிக்கு வந்தார். நான் ஒரு மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். தலை தூக்காமலே கேட்டேன்: "அம்மா தனியாத்தான் போனான்னு மில்காரர் உங்ககிட்ட அன்னிக்கே சொன்னாரா?"

பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"சொன்னான்" என்றார்.

"அப்புறம் ஏன்?"

"எவனோடயோ போனான்னு சொன்னா அவளைத் திட்டுவாங்க. தனியாப் போனான்னு சொன்னா, ஏன் போனான்னு என்னைக் கேப்பாங்க. தெருவுல நாலு பேருக்கு மருந்து குடுக்கிறவன் நான். நான் ஆரம்பிக்கல. தும்மல் கடையில அவனா சொன்னான். நான் இல்லைன்னு சொல்லல, அவ்வளவுதான்."

"அந்த மனுஷனோட காதை ஒடச்சாங்களே, அதுவும் அவ்வளவுதானா?"

"அதுக்குள்ள எனக்கே அது நெசம் மாதிரி ஆயிடுச்சுடா."

நான் கத்தவில்லை. கத்த வேண்டும் போலவும் இல்லை. கையில் இருந்த செம்புக் கம்பி அறுந்துவிட்டது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து கடைக்கு வருவதில்லை. வீட்டில் சோறு போட்டால் சாப்பிடுகிறார். ரேடியோ கேட்கிறார். அண்ணி என்னிடம், "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். உனக்கு ஏன் ஆபரேஷன் பற்றி எழுதவில்லை என்று என்னைத் திட்டினாள், அதையும் எழுதச் சொன்னாள்.

ஊர்ப் பேரை அனுப்பு. நீ வேலையை விட்டு வர வேண்டாம். நான் முதலில் போய்ப் பார்க்கிறேன். ஒன்றுமில்லாமல் போனால் ஒருத்தருக்கு மட்டும் வலிக்கட்டும்.

அண்ணன்


18 ஆகஸ்ட் 1998

தங்கச்சிக்கு,

நேற்றுதான் திரும்பினேன். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஆஸ்பத்திரி பெரிதாகிவிட்டது. ஆபீசில் யாருக்கும் பழைய ஆட்களைத் தெரியவில்லை. என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நீங்க யாரு, எதுக்குத் தேடறீங்க, என்ன உறவு என்று கேட்டார்கள். மகன் என்றேன். மகனுக்கே அம்மா எங்கே இருக்காங்கன்னு தெரியாதா என்றாள் ஒரு பெண். வெளியே வந்துவிட்டேன். வாசலில் தரை கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் நான் சொன்ன பேரைக் கேட்டு என் பின்னாலேயே வந்து, "ரிட்டையர் ஆயிட்டாங்க. எதிர்க்கடைதான், போய்ப் பாருங்க" என்றார்.

எதிரே சின்னக் கடை. குழந்தைத் துணி, பிளாஸ்க், சோப்பு, ஈரத் துணி காயப்போடும் கிளிப்பு, ஆஸ்பத்திரிக்கு அவசரமாக வந்தவர்கள் மறந்துவிட்டு வரும் சாமானெல்லாம் இருக்கிறது. உள்ளே நரைத்த தலை ஒன்று அட்டைப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு முகம் பிடிபடவில்லை. பின்னாலிருந்து பார்த்தால் யாரோ ஒரு கடைக்காரி. தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

"அம்மா" என்று கூப்பிட்டேன்.

"என்னப்பா வேணும்? எந்த வார்டு?" என்றாள் திரும்பாமலே. அந்தத் தெருவில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கு முன்னால் வந்தவனும் அம்மா ஒரு சோப்பு குடுங்க என்றுதான் வாங்கிக்கொண்டு போனான். இருபத்தாறு வருஷம் கழித்து ஒரு வார்த்தை கூப்பிட்டேன், அது எல்லோரும் கூப்பிடுகிற வார்த்தையாக இருந்தது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவள் திரும்பினாள். "ஆம்பளப் புள்ளையா, பொண்ணா?" என்று கேட்டுக்கொண்டே துணியை எடுத்தவள் என் முகத்தைப் பார்த்தாள். துணியைத் திரும்ப மடித்து வைத்தாள்.

"அவர் அனுப்பினாரா?"

அதுதான் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. குரலில் அவ்வளவு எச்சரிக்கை.

"இல்ல. தங்கச்சி அனுப்பினா."

அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஆனால் என்னை உள்ளே கூப்பிடவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா, ஏதாவது காகிதத்தில் கையெழுத்து வேண்டுமா என்று சுற்றிச் சுற்றிக் கேட்டாள். நான் உனக்கு எழுதிய முதல் கடிதம் எனக்கு ஞாபகம் வந்தது. ஒன்றும் வேண்டாம் என்று அவளை நம்ப வைக்க மத்தியானம் ஆகிவிட்டது. நடுநடுவே வாடிக்கையாளர்கள் வேறு. ஒரு தடவை நானே பிளாஸ்க்கை எட்டி எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தாள்.

"ஆறு மாசம் பயிற்சி. முடிச்சு ஒரு ரூம் பாத்துட்டு உங்களைக் கூட்டிட்டுப் போகணும்னு இருந்தேன். வந்தேன்டா. தெருவுல இறங்கினதும் அந்தத் தும்முறவன், தனியாவா வந்திருக்க, அவன் எங்கன்னான். அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் யாரோடயோ ஓடிப் போயிருக்கேன்னு. கடைகடையா எட்டிப் பாத்தாங்க. ஒருத்தர் வாவான்னு சொல்லல. உங்கப்பா கடைக்குப் போனேன். நான் பொட்டலம் கட்டின கடை. என்னைக் கஸ்டமர் மாதிரி வெளிய நிக்க வெச்சு, புள்ளைங்க உன்னைப் பாக்க மாட்டேன்னு அழுவுதுங்க, போயிடுன்னாரு."

"நாங்க அப்படிச் சொல்லல. நீ வந்ததையே எங்களுக்கு யாரும் சொல்லல" என்றேன்.

"அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு, "சின்னவளும் என்னை அப்படித்தான நெனச்சா?" என்றாள்.

எனக்குப் பொய் வரவில்லை. "அவ நெனச்சா. ஆனா நீ நல்லாத் தலை வாரிவிடுவேன்னு சொல்லி எங்க வீட்டுல சண்டை போட்டா" என்றேன். அவள் அந்தப் பக்கம் திரும்பி, அடுக்கியிருந்த சோப்பையே மறுபடி அடுக்கினாள்.

கிளம்பும்போது உன் குடும்பப் படத்தை அனுப்பச் சொல்கிறேன் என்றேன். "போட்டோ எல்லாம் வேணாம்ப்பா. அதால பட்டது போதும். அவளையே வரச் சொல்லு" என்றாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை. வீடு எங்கே என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை. கடையில்தான் இருப்பேன் என்றாள். இன்னும் முழுசாக நம்பவில்லை. அதற்கு நாள் ஆகும்.

நேற்று மாலை பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்குப் போகவில்லை. தும்மல் கடை இப்போது அவர் மகன் கையில் இருக்கிறது. கிழவர் உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். சாமான் வாங்க ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். எங்கே போய் வருகிறாய் என்று ஒருவர் கேட்டார். "எங்கம்மாவைப் பாத்துட்டு வர்றேன். ஆஸ்பத்திரியில வேலை பாத்து ரிட்டையர் ஆயிட்டா. அன்னிக்கு அவ தனியாத்தான் போனா. அந்த போட்டோக்காரரைச் சும்மா அடிச்சீங்க" என்றேன். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரும் சிரிக்கவில்லை. எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவன் பாட்டில் வழிவதைக்கூடக் கவனிக்கவில்லை.

அதற்குள் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா வாசல் நாற்காலியில் இருந்தார். "எப்படி இருக்கா?" என்று கேட்டார். "நல்லா இருக்கா" என்றேன். விலாசம் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். தலையாட்டினார். கோபமாக இருக்கிறாரா, வெட்கமா, எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள இப்போது நேரமும் இல்லை.

போட்டோக்காரரிடம் நீயே நேரில் சொல். நான் அவரைப் பார்க்க வருவேன், ஆனால் என்ன முகத்தோடு வருவது என்று யோசிக்க வேண்டும்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லீவு எடுத்துவிடு. குழந்தையையும் கூட்டி வா. அண்ணியும் வருகிறாள். அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். கடை வரைக்கும்தான் உன்னோடு வருவேன், உள்ளே முதலில் நீ மட்டும் போ. அம்மா என்று கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். நின்று மறுபடி கூப்பிடு.

உன் அண்ணன்